நானே போட்ட பூஜ்யங்கள்

அமீரகத்தில், புஜைராவில் நான் பார்த்த வேலைக்கு உடம்பில் வேண்டியிருந்தது தொண்டை ஒன்றுதான். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் கம்பெனி அது. எண்ணெய் சுமந்து போகும் பார்ஜ் எந்தக் கப்பலை ஒட்டி நிற்க வேண்டும், எப்போது குழாயை மாட்ட வேண்டும், எப்போது பம்பை நிறுத்த வேண்டும் என்று கரையில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பேன். கிரேக்கர், கொரியர், உக்ரைன்காரர் என்று ஒவ்வொரு கப்பலிலும் ஒரு தினுசு இங்கிலீஷ். என்னுடையது பிளஸ் டூ வரைக்கும் படித்த இங்கிலீஷ். ஆனால் குரல் கனமானது. தூத்துக்குடி லாரி ஆபீசில் டிரைவர்களோடு மல்லுக்கட்டித் திரண்ட குரல். காற்று பிய்த்துக்கொண்டு போகும் நாளிலும் நான் சொல்வது தெளிவாகக் கேட்கிறது என்று பார்ஜ் ஆட்கள் சொல்வார்கள். அந்தக் குரலால்தான் வெயிலில் நிற்காமல் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு நாள் சவரம் செய்யும்போது கழுத்தின் இடது பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு என்றார்கள். கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். ஊருக்கு வந்து செய்துகொள்ளலாமே என்று மனைவி போனில் அழுதாள். லீவு கிடைக்காது, இங்கே இன்சூரன்சிலேயே முடிந்துவிடும் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். நர்ஸ் திரும்பிப் பார்க்கவே இல்லை. இன்னொரு முறை கேட்டேன். சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவது போல என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கையைத் தட்டித்தான் அவளைக் கூப்பிட்டேன். அவள் கொடுத்த தண்ணீரின் முதல் வாயே புரையேறியது. தையல் போட்ட கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமினேன். இருமலிலும் சத்தமில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் மறுநாள் வந்து நின்றபடியே பேசினார். "குரல் நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கும். தானாகச் சரியாகிவிடும்." அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போனபோதெல்லாம் லீவில் இருக்கிறார் என்றார்கள்.

தையல் ஆறியதும் டூட்டிக்குத் திரும்பினேன். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அடித்தொண்டையில் பேசியவன் இப்போது மேலே எங்கோ கீச்சென்று காற்றோடு பேசினேன். முதல் நாளே ஒரு கப்பலிலிருந்து ஒருவன், "எஸ் மேடம், கோ அஹெட் மேடம்" என்றான். பார்ஜ் ஆட்கள் பொதுச் சேனலில் சிரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து கண்ணாடி அறைக்கே "மேடம் ரூம்" என்று பெயராகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தால்கூட காற்றுதான் வந்தது.

ஒரு மத்தியானம் கப்பல் ஒன்றிலிருந்து சீஃப் இன்ஜினியர் பதறிக்கொண்டு ரேடியோவில் கூப்பிட்டான். டேங்க் நிறைந்துவிட்டது, பம்பை நிறுத்தச் சொல், பார்ஜ் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது என்றான். நான் பார்ஜைக் கூப்பிட்டேன். நிறுத்து, நிறுத்து என்று உயிரைக் கொடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் பம்பு ஓடுகிற இரைச்சல். என் காற்று அதற்குள் போய்ச் சேரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பாகிஸ்தானி ஓடிவந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி ஒரே ஒரு முறை கத்தினான். பம்பு நின்றது. அதற்குள் எண்ணெய் வழிந்து கப்பலின் தளம் முழுக்கப் பரவிவிட்டது. கடலில் விழாமல் அங்கேயே மறித்து அள்ளிவிட்டார்கள். விழுந்திருந்தால் கம்பெனியை இழுத்து மூடியிருப்பார்கள் என்று மேனேஜர் சொன்னார். மும்பைக்காரர். நல்ல மாதிரிதான். அன்றைக்கு என்னைத் திட்டவில்லை.

"பாய், நீ கொஞ்ச நாள் ஸ்டோருக்குப் போ. குரல் சரியானதும் வா. சீட் உன்னோடதுதான்" என்று இந்தியில் சொன்னார். அவருக்கு எல்லோருமே பாய்தான்.

ஸ்டோர் என்பது துறைமுகச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. கறுத்த ரப்பர் குழாய்கள் மலைப்பாம்புகள் மாதிரி சுருண்டு கிடக்கும். வேண்டுமென்று வருபவனுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். பேச வேண்டிய தேவையே கிடையாது.

துபாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொண்டைப் பிரிவுக்கு மேனேஜர்தான் என்னை அனுப்பி வைத்தார். அங்கே அரபு டாக்டர் ஒருவர் மூக்கு வழியாக மெல்லிய கேமரா ஒன்றைவிட்டு, என் தொண்டையை எனக்கே டிவியில் காட்டினார். வெள்ளையாக இரண்டு குரல் நாண்கள். "ஈ" என்று சொல்லச் சொன்னார். வலது நாண் விறுவிறுவென்று நடுவுக்கு வந்தது. இடது நாண் கிடந்த இடத்திலேயே கிடந்தது. வலதுபுறத்து நாண் வந்து பார்த்துவிட்டு, துணை இல்லாமல் திரும்பிப் போனது. அந்த இடைவெளி வழியாகத்தான் என் பேச்செல்லாம் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"நரம்பு உயிர் பெறுகிறதா என்று சில மாதம் பார்ப்போம்," என்றார் டாக்டர். "அதுவரை பயிற்சி. வரவில்லையென்றால் சின்ன ஆபரேஷன். அசையாத நாணை ஒரு துண்டு வைத்து நடுவுக்குத் தள்ளிவிடலாம். குரல் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நோயாளி சொல்வது வேண்டும்."

நோயாளி சொல்வது என்றால் ஒரு தாள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் அரபு. வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம். எப்போதும் என்றால் நாலு. எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் குரல் எனக்குக் கொடுத்த கஷ்டத்தின் அளவு.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் திருச்சூர்க்காரி. கோயம்புத்தூரில் படித்தவள் என்பதால் தமிழ் தெரியும். முதல் தடவை அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னாள்.

"சேட்டா, வீட்டுக்குள்ளே ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூம்ல உள்ளவங்களைக் கூப்பிட்டா கேக்குதா?"

"ஒரே ரூம்தான். ஆறு பேரு" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரி, அந்த ரூம்ல கேக்குதா?"

"டிவி ஓடும். கேக்காது."

"அப்போ நாலு. ஹோட்டல்ல, பார்ட்டியில பேசும்போது?"

"பார்ட்டிக்கு எங்க போறேன்?"

"சாயாக்கடைன்னு வெச்சுக்கோங்க."

அதற்கும் நாலு. போனில் பேசும்போது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதா? நாலு. குரல் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா? நாலு. என்ன ஆயிற்று உன் குரலுக்கு என்று ஆட்கள் கேட்கிறார்களா? கேட்காத ஆள் யார். சாயந்திரமானால் பேசிப் பேசிக் களைத்துப் போகிறீர்களா, மற்றவர்களிடம் எரிந்து விழுகிறீர்களா, உங்களை நினைத்து உங்களுக்கே வெட்கமாக இருக்கிறதா? அந்தக் கடைசிக் கேள்வியைச் சொல்லும்போது அவள் தாளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் விரலால் நாலைக் காட்டினேன். எனக்கு அன்றைக்கு அந்தத் தாளைப் பிடித்திருந்தது. இத்தனை மாதத்தில் என்னை உட்கார வைத்து இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை.

"இது எக்ஸாம் இல்ல சேட்டா. போன ஒரு மாசம் எப்படி இருந்ததோ அப்படியே எழுதினா போதும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றாள்.

அறையில் வந்து சொன்னபோது இரண்டு கட்சியாகிவிட்டது. ராமநாதபுரத்துப் பக்கத்து பாய் ஒருவர் எங்களோடு இருந்தார். கீழே மளிகைக் கடையில் வேலை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, எல்லாத்துக்கும் நாலு போட்டுட்டு வந்திருக்கே? அந்தப் பேப்பரு கம்பெனிக்குப் போகாதா? இவன் எதுக்கும் லாயக்கில்லன்னு விசாவ முடிச்சு அனுப்பிருவான். அடுத்த தடவ கொறச்சுப் போடு."

கிரேன் ஓட்டும் திருநெல்வேலிக்காரர் எதிர்க்கட்சி. "கொறச்சுப் போட்டா ஆப்பரேசன் எவன் பண்ணுவான் வே? அழுத பிள்ளைக்குத்தான் பால். அஞ்சு இருந்தா அஞ்சு போடும். நாலோட எதுக்கு நிறுத்துனீரு?"

"அவன் நாலு வரைக்கும்தான் கொடுத்திருக்கான்" என்றேன். அவர்கள் காதில் விழவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் சொன்னது சரி. ஒரே தாள் கம்பெனி கையில் ஒரு மாதிரியும் இன்சூரன்ஸ்காரன் கையில் வேறு மாதிரியும் பேசும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. எனக்கு அந்தப் பெண் சொன்னதுதான் மனதில் நின்றது. உள்ளதை உள்ளபடி சொன்னால் யாருக்கும் கெடுதல் வராது என்று நம்பினேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. அந்த வயதில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததை நினைத்தால் இப்போது ஆத்திரம்தான் வருகிறது.

மாதங்கள் போயின. வாரம் ஒரு தடவை துபாய்க்குப் போய்ப் பயிற்சி செய்தேன். தலையை இடது பக்கம் திருப்பிக்கொண்டு பேசினால் குரல் கொஞ்சம் கெட்டியாக வரும். கீழ்த்தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குடித்தால் தண்ணீர் புரையேறாது. அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். குரல் வரவில்லை. ஆனால் குரலில்லாமல் நாளைக் கடத்துவது எப்படி என்று நானாகவே கற்றுக்கொண்டேன்.

முதலில் சாயாக்கடையை விட்டேன். அங்கே கடைக்காரன் ஒவ்வொரு தடவையும், "க்யா? க்யா போலா?" என்று காதை நீட்டுவான். அவனோடு எதற்கு மாரடிப்பது? பாய் கடைக்குக்கூடப் போகாமல், எதையும் கேட்டு வாங்க வேண்டாத பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு நடந்து போய், எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் தூத்துக்குடிக்காரர்கள் கூடுவோம். அதற்கும் போவதில்லை.

கடைசியாக நின்றது போன். வெள்ளிக்கிழமைதோறும் போன் கார்டைச் சுரண்டி வீட்டுக்குப் பேசுவேன். மகளுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. அவள் பேச ஆரம்பித்த பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. அவளுக்கு அப்பா என்றால் போனில் வரும் சத்தம்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவளிடம் போனைக் கொடுத்தபோது கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அம்மா, யாரோ ஊதுதாங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்பாட்ட பேசுட்டி, அப்பாதான் என்று மனைவி கெஞ்சுவது கேட்டது. "இல்ல, ஊதுதாங்க" என்று அவள் ஓடிவிட்டாள்.

மனைவிக்கும் கேட்காது. "என்னங்க? என்னது? கேக்கலங்க" என்று கத்துவாள். நான் மறுபடி சொல்வேன். கார்டு தீர்ந்துவிடும். ஒரு நாள் அவளே சொன்னாள்.

"நீங்க கஷ்டப்பட வேண்டாங்க. நான் பேசுதேன். நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. சரின்னா ஒரு தட்டு தட்டுங்க. வேண்டாம்னா ரெண்டு தட்டு."

அன்பாகத்தான் சொன்னாள். அப்புறம் போனின் வாயில் விரல் நகத்தால் தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஓடு மாற்றுவது, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, மாமனாருக்குக் கண் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு. இரண்டு தட்டுத் தட்டினால் ஏன் என்று கேட்பாள், காரணத்தைத் தட்டிச் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது. பிறகு வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றாயிற்று.

இன்சூரன்சுக்கு எழுத வேண்டிய நேரம் வந்தபோது மறுபடி அந்தத் தாள் வந்தது. அன்றைக்குத் திருச்சூர்ப் பெண் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். வரவேற்பில் இருந்த பிலிப்பினோப் பெண் தாளையும் பேனாவையும் கொடுத்து உட்காரச் சொன்னாள். கேள்விகள் பழகியவைதானே. நானே படித்து நானே எழுதினேன்.

போனில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதா? இல்லை. நான்தான் எதையும் சொல்வதே இல்லையே. பூஜ்யம். இரைச்சலான இடத்தில் நீங்கள் பேசுவது கேட்காமல் போகிறதா? அப்படிப்பட்ட இடத்துக்குப் போகவில்லை. பூஜ்யம். குரல் வேலைக்கு இடைஞ்சலா? குழாய்க்கு என் குரல் எதற்கு. பூஜ்யம். என்ன ஆயிற்று என்று ஆட்கள் கேட்கிறார்களா? எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். பூஜ்யம். சாயந்திரம் களைப்பு? பேசினால்தானே களைப்பு. எரிந்து விழுகிறீர்களா? யார் மேல்? வெளியே போவதைக் குறைத்துக்கொண்டீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு மட்டும் நாலு போட்டேன். வெட்கம் பற்றிய கேள்விக்கு வெகுநேரம் யோசித்து இரண்டு போட்டேன். போன மாதம் எப்படி இருந்ததோ அப்படி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டாக்டர் இரண்டு தாள்களின் கூட்டலையும் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் போட்ட நாலும் இரண்டும் அந்தப் பூஜ்யங்களுக்கு நடுவே இருக்கிற இடம் தெரியவில்லை.

"மாஷா அல்லாஹ். மிகப் பெரிய முன்னேற்றம். பயிற்சி நன்றாக வேலை செய்திருக்கிறது" என்றார்.

கேமராவை விட்டுப் பார்த்தார். இடது நாண் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதை அவரும் பார்த்தார். "அசைவு வரவில்லை. இருந்தாலும் பழகிக்கொண்டீர்கள். ஆபரேஷனுக்கு எழுதிப் பார்க்கிறேன்" என்றார். நான் தலையாட்டினேன். மிகப் பெரிய முன்னேற்றம் என்ற சொல் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு ஜூஸ் வாங்கிக் குடித்தேன். வேண்டியதை விரலால் காட்டி.

சில வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று இன்சூரன்சிலிருந்து வந்தது. நோயாளியே தன் கஷ்டம் பெருமளவு நீங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே ஆபரேஷன் அவசியமில்லை என்று இருந்தது. மற்றது கம்பெனி டாக்டர் கொடுத்தது. என் விசா புதுப்பிக்கும் சமயம் அது. ரேடியோ வேலைக்கு நான் தகுதியில்லை, என் பேச்சு கேட்பதில்லை என்று நோயாளியே சொல்லியிருக்கிறார் என்று அதில் இருந்தது. அவர் ஆதாரமாகச் சேர்த்திருந்தது என் பழைய தாள். நாலு நாலாகப் போட்டது.

நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையை இடது பக்கம் திருப்பிக்கொண்டு, "சார், ஆபரேஷனுக்குன்னா எனக்கு நல்லா இருக்கு. வேலைக்குன்னா நல்லா இல்ல. எது சார் நிஜம்?" என்று இந்தியில் கேட்டேன்.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இரண்டும் நீ எழுதினதுதானே பாய்?" என்றார். தாள்களை உறைக்குள் போட்டுவிட்டு, "என் கையில ஒண்ணும் இல்ல. ஸ்டோர் வேலையையும் வெளியே காண்ட்ராக்டுக்கு விடுறாங்க. ஆபரேஷன் ஆயிருந்தா நானே உனக்காகப் பேசியிருப்பேன். இப்ப கலாஸ், முடிஞ்சு போச்சு" என்றார்.

மறுநாளே துபாய்க்குப் போனேன். டாக்டரிடம் இன்னொரு தாள் கேட்டேன். எழுதியது தப்பில்லை, ஆனால் அது குணமானதால் வந்த பூஜ்யம் இல்லை, நான் எதையும் செய்யாமல் விட்டதால் வந்த பூஜ்யம் என்று எழுதியே காட்டினேன். என் இங்கிலீஷில் அதை எழுதிக் காட்டுவதற்குள் வேர்த்துவிட்டது. அவர் இரண்டு தரம் படித்தார்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?"

இல்லை என்றேன்.

"கேள்வி புரியவில்லையா?"

"புரிந்தது."

"மறுத்த பிறகு புதிதாக எழுதினால் ஆபரேஷனுக்காக மாற்றி எழுதியதாகத்தான் சொல்வார்கள். எது உண்மை என்று கேட்டால் நான் என்ன சொல்வது?"

"ரெண்டும் உண்மை."

"இரண்டும் உண்மை என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை," என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். கேமராப் படத்தை வைத்து மறுபடி ஒரு தரம் எழுதிப் போட்டார். நாண் அசையாத எல்லோருக்கும் அது தொந்தரவாக இருப்பதில்லை, நோயாளியின் சொல்லே முக்கியம் என்று பதில் வந்தது. என் சொல்லுக்கு என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

திருச்சூர்ப் பெண் லீவு முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சேட்டா, ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே!"

சொல்லி முடித்ததும்தான் அவளுக்கே என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அவளைத் தேற்ற நினைத்தேன். ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கும் அந்தத் தாளை இன்னொருவன் கொடுத்ததுதான். அவள் அதைக் கருணையோடு படித்துச் சொன்னாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

விசா முடிந்தது. ஊர் வந்து சேர்ந்தேன். மகள் என் பக்கத்திலேயே வரவில்லை. மனைவி வீட்டை ஒற்றை ஆளாக நடத்திப் பழகியிருந்தாள். அடுப்படியில் அவள் நின்றால் முற்றத்திலிருந்து நான் கூப்பிடுவது கேட்காது. எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டும். தொட்டால் திடுக்கிடுவாள். கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று எங்கிருந்தோ ஒரு சின்ன மணி வாங்கி வந்து வைத்தாள். ஒருநாள் கோபத்தில் அதைக் கிணற்றில் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் அவளிடமே என்னைப் பற்றிக் கேட்பார்கள். "உங்க வீட்டுக்காரருக்கு டீ வேணுமான்னு கேளுங்க." நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டேன். மனைவி நகையை வைத்து ஏற்பாடு செய்தாள். என்னை மயக்கத்தில் ஆழ்த்தவில்லை. கழுத்தை மட்டும் மரக்க வைத்துத் திறந்து, நாணைத் தள்ளும் துண்டை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே, "பேசுங்க, எது வேணும்னாலும் பேசுங்க" என்றார் டாக்டர். ஒன்று, இரண்டு எண்ணினேன். காற்று. இன்னும் கொஞ்சம் தள்ளினார். மூன்று என்றபோது என் குரல் வந்தது. என்னுடையதேதான், கொஞ்சம் கரகரப்பாக.

"வந்துருச்சு. இன்னும் பேசுங்க, நிறுத்தாதீங்க" என்றார்.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. துணி மூடிய முகத்தோடு, லாரி ஆபீசில் கற்ற கெட்ட வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நர்சுகள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துக்கொண்டே, "போதும், போதும், நல்லா இருக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை. கண்ணிலிருந்து காதுக்குள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரத்துக்குத்தான் என் வேலையும், மகளின் இரண்டு வருஷமும் போயிற்று.

குரல் நிலைத்ததும் புஜைராவுக்குப் போன் செய்தேன். மேனேஜருக்கு அடையாளம் தெரியவில்லை. பழைய ரேடியோக்காரன் என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான், "அரே, நீயா பாய்! குரல் வந்துடுச்சே" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அந்தச் சீட்டில் கேரளத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், நல்ல பையன், என்னால் எப்படி எடுக்க முடியும் என்றார். நானும் சரி என்றேன். அவனை எடுத்துவிட்டு என்னைப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது தூத்துக்குடியில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் லாரிகளை அனுப்பும் வேலை. சத்தம் போட வேண்டிய வேலைதான். குரலில் பழைய கனமில்லை, ஆனால் கேட்கிறது. வீட்டில்தான் சரிப்படவில்லை. சாதாரணமாக ஒன்றைச் சொன்னாலும் அதட்டலாக வருகிறது. இத்தனை நாள் சொல்லாமல் விட்டதெல்லாம் சேர்ந்து வருகிறதோ என்னவோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டைத் திறந்து போட்டதற்காக மகளைக் கூப்பிட்டேன். அவள் பயந்து உள்ளே ஓடி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"கேக்குது, நல்லாவே கேக்குது," என்றாள். "கொஞ்சம் மெல்லப் பேசுங்க. பிள்ளை பயப்படுதால்ல."

நான் கேட்டைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.